புரோட்டீன் பார்: போசாக்கா, ருசியா, விலையா? ஒரு சிறு வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளும், அவர்களுக்குக் காசு கொடுக்கும் வாப்பா உம்மாமாரும் கடைசிவரை வாசித்தால் நல்லது.

கொஞ்சக் காலத்துக்கு முன்பு நம்ம ஊர்க் கடைகளில் புரோட்டீன் பார் என்ற ஒன்றே இல்லை. இன்றைக்கு ஃபார்மசியிலும் இருக்கிறது, சுப்பர் மார்க்கட்டிலும் இருக்கிறது, ஜிம் மேசையிலும் இருக்கிறது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பக்கற்றுகளைக் காட்டி, "சேர், இதுல எது நல்லம்?" என்று கேட்கிறார்கள். நான் வைத்தியரும் இல்லை, போசாக்கு நிபுணரும் இல்லை. வரலாறு படிப்பிக்கிறவன். ஆனால் இந்தக் கேள்விக்கு வரலாற்றிலும் ஒரு விடை இருக்கிறது.

உலகத்தில் செய்யப்பட்ட ஒவ்வொரு பாரும் யாரோ ஒருவருடைய பிரச்சினைக்கு விடையாகத்தான் வந்தது. அந்தப் பிரச்சினை நமக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் விடையை மட்டும் காசு கொடுத்து வாங்கினால், காசு போவது நிச்சயம். சில வேளை உடம்பும் போகும்.

1. யுத்தம் மூட்டிய உணவுக்கட்டி

இந்தப் பார்களின் மூத்த வாப்பா என்று சொல்லத்தக்கது பெம்மிக்கன். வட அமெரிக்காவின் பூர்வீகக் குடிகள் செய்த உணவு. காட்டெருமை இறைச்சியை மெல்லிசாக வெட்டிக் காயவைத்து, இடித்துத் தூளாக்கி, உருக்கிய கொழுப்பைக் கலந்து இறுக்கிவிடுவார்கள். சில இடங்களில் காட்டுப் பழங்களும் சேரும். 'கொழுப்பு' என்று பொருள்படும் கிரீ மொழிச் சொல்லிலிருந்துதான் அதன் பெயரே வந்தது. குளிரூட்டி இல்லாமல் வருடக்கணக்கில் கெடாது. அடுப்பு மூட்டத் தேவையில்லை. கொஞ்சம் தின்றாலே நெடுநேரம் தாங்கும்.

கனடாவில் மென்மயிர்த் தோல் வியாபாரம் செய்த ஐரோப்பியக் கம்பனிகள் இந்த உணவில்தான் தங்கியிருந்தன. நாள் முழுக்கத் தோணி வலிக்கும் ஆட்களுக்கு வழியில் நிறுத்திச் சமைக்க நேரம் ஏது? 40 கிலோ அளவிலான தோல் மூட்டைகளில் பெம்மிக்கன் ஏற்றப்பட்டது. 1814இல் ரெட் ரிவர் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மெக்டொனல், அங்கிருந்து பெம்மிக்கனை வெளியே கொண்டுபோகத் தடை போட்டார். தன் குடியேற்றவாசிகள் பட்டினி கிடப்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம். போட்டிக் கம்பனியும், பெம்மிக்கன் செய்து விற்று வாழ்ந்த மெற்றி மக்களும் அதை ஏற்கவில்லை. முறுகல் முற்றி, 1816 ஜூன் 19ஆம் திகதி செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் மோதலாக வெடித்தது. அடுத்து வந்த ஆளுநர் ரொபர்ட் செம்பிளும் அவருடைய ஆட்கள் 20 பேரும் அதில் கொல்லப்பட்டார்கள்.

ஒரு உணவுக்கட்டிக்காக இவ்வளவும் நடந்தது. அதன் பெறுமதி அப்படி. ஆனால் அந்தப் பெறுமதி யாருக்கு? சமைக்க வழியில்லாத தூரத்தில், நாள் முழுக்க உடம்பை முறித்து உழைத்தவனுக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. வேண்டுமென்றே ருசி குறைத்த சொக்லட்

அடுத்த கட்டம் 1937. அமெரிக்க இராணுவத்தின் கப்டன் போல் லோகன், ஹெர்ஷி சொக்லட் கம்பனிக்குப் போய், படையினரின் அவசர உணவாக ஒரு பார் கேட்டார். நிபந்தனைகள் நான்கு. எடை நான்கு அவுன்ஸ், அதாவது 113 கிராம் அளவு. சக்தி நிறைய இருக்கவேண்டும். வெயிலில் உருகக்கூடாது. நான்காவதுதான் விசேஷம்: அவித்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம்தான் ருசியாக இருக்கவேண்டும்.

ஏன் அப்படி? ருசியாக இருந்தால் அவசரம் வருமுன்பே சிப்பாய்கள் தின்று தீர்த்துவிடுவார்கள். கம்பனியின் இரசாயனவியலாளர் சாம் ஹிங்கிளின் குழு, சொக்லட், சீனி, பால்மா, ஓட்ஸ் மா எல்லாம் சேர்த்து 600 கலோரி கொண்ட பாரைச் செய்து கொடுத்தது. மூன்று பார் தின்றால் ஒரு நாளைக்கு 1,800 கலோரி. பல்லுக்கு அடங்காத கடினம், கசப்பு. "ஹிட்லரின் இரகசிய ஆயுதம்" என்று சிப்பாய்கள் அதைக் கிண்டலடித்தார்கள்.

ருசி என்பது தற்செயலாக அமைவதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி. ஒரு பார் எவ்வளவு ருசியாக இருக்கவேண்டும் என்பதை, அதைச் செய்பவரின் நோக்கம்தான் தீர்மானிக்கிறது. இராணுவத்துக்கு வேண்டியது ஒன்று போதும், மிச்சம் சட்டைப்பையில் இருக்கட்டும் என்ற ருசி. கடைக்கு வேண்டியது ஒன்று முடிந்ததும் இன்னொன்றைத் தேடவைக்கும் ருசி. இன்று நம் கையிலிருக்கும் பார்கள் இரண்டாம் வகை.

3. சேர்ச்சில் இல்லை, மலையில் எழுதப்பட்ட விடை

"புரதம் தின்றால்தானே சேர் பவர் வரும்" என்பது பிள்ளைகள் அடிக்கடி சொல்வது. இந்த எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பெரும் இரசாயனவியலாளர் யுஸ்டஸ் வொன் லீபிக், தசை வேலை செய்யும்போது புரதத்தைத்தான் எரிக்கிறது என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லாத காலம்.

1865 ஓகஸ்ட் மாதம் அடோல்ஃப் ஃபிக், யொஹானஸ் விஸ்லிசெனஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைத் தம் உடம்பிலேயே சோதித்தார்கள். முதல் நாளிலிருந்தே புரதம் உள்ள எதையும் தொடவில்லை. மாப்பொருள், கொழுப்பு, சீனி மட்டும். அப்படியே சுவிட்சர்லாந்தின் ஃபோல்ஹோர்ன் மலையில் சுமார் 2,000 மீற்றர் உயரம் ஏறினார்கள். புரதம் உடம்பில் எரிந்தால் அதன் நைதரசன் சிறுநீரில் வரும். எனவே சிறுநீரைச் சேகரித்து அளந்தார்கள். எரிந்த புரதம் மிகக் கொஞ்சம். மலையேறச் செலவான சக்திக்கு அது போதவே போதாது. அவர்களைத் தூக்கிக்கொண்டு ஏறியது மாப்பொருளும் கொழுப்பும்தான்.

ஆக, புரதம் உடம்பைக் கட்டும் கல், சீமெந்து மாதிரி. அடுப்பெரிக்கும் விறகு பெரும்பாலும் சோறும் எண்ணெயும்தான். விளையாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன் புரோட்டீன் பார் தின்றுவிட்டு "பவர்" தேடும் பிள்ளை, இந்த 160 வருடப் பழைய பாடத்தை ஒருதரம் வாசிக்கவேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு கதலி வாழைப்பழம் போதும்.

4. எல்லாப் புரதமும் ஒன்றல்ல

பக்கற்றில் '20 கிராம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். எந்தப் புரதம் என்பது பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். இந்தச் சிறிய எழுத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்தில் ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் சூப்பு கொடுத்தார்கள். மலிவாகக் கிடைத்தது. இறைச்சிக்கு ஈடானது என்று சொன்னார்கள். சந்தேகம் எழுந்ததும், உடற்றொழிலியல் அறிஞர் மஜென்டியின் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து 1841இல் அறிக்கை கொடுத்தது. ஜெலட்டினை மட்டும் நம்பி நாய்கள்கூட உயிர் வாழவில்லை. காரணம் பிற்காலத்தில்தான் தெரிந்தது: உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபான் ஜெலட்டினில் இல்லை.

பாடம் படித்து முடிந்ததா? இல்லை. 1976இல் அமெரிக்காவில் ஒரு மெலியும் உணவுமுறைப் புத்தகம் பிரபலமானது. சாப்பாட்டை நிறுத்திவிட்டு, மாட்டுத் தோல் போன்றவற்றிலிருந்து எடுத்த திரவப் புரதத்தைக் குடிக்கவேண்டும். ஒரு நாளைக்கு 400 கலோரிகூட இல்லை. பல இலட்சம் பேர் அந்த மோகத்தில் விழுந்தார்கள். இதயத் துடிப்புக் குழம்பி ஏறக்குறைய 60 பேர் இறந்த விபரம் பின்னர் வெளிவந்தது. பட்டினியும் குறைப் புரதமும் சேர்ந்து செய்த வேலை.

இன்றைய பார்கள் சிலவற்றிலும் ஜெலட்டின், கொலாஜன் இருக்கிறது. கிராம் கணக்கைக் கூட்டிக் காட்ட அது மலிவான வழி. விஷம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த 20 கிராமும் முட்டையின் 20 கிராமும் ஒன்றல்ல. நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த ஜெலட்டின் எந்த மிருகத்தினுடையது? கிளிசரின் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டிலிருந்து பொதிக்குள் வந்த பார் என்றால் ஹலால் இலச்சினை இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். இந்த விடயத்தில் மார்க்கமும் போசாக்கும் ஒரே வரியைத்தான் வாசிக்கச் சொல்கின்றன.

5. ஓட்டக்காரனும் சைக்கிள்காரனும்

நவீன பாரின் கதை ஒரு மரதன் ஓட்டத்தில் தொடங்குகிறது. பிரையன் மெக்ஸ்வெல் கனடா நாட்டு ஓட்ட வீரர். 1983இல் இங்கிலாந்தில் ஒரு மரதனில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவருக்கு 21ஆவது மைலில் வயிறும் குழம்பி, சக்தியும் தீர்ந்துபோனது. ஓடும்போது செரிக்கக்கூடிய உணவு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. போசாக்குக் கல்வி படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் அவருடைய மனைவியான ஜெனிஃபரோடு சேர்ந்து கலிபோர்னியாவில் குசினியில் கலந்து கலந்து பார்த்து, 1986இல் 'பவர் பார்' வெளியானது. அதில் பெரும்பகுதி மாப்பொருள். புரதம் 10 கிராம் அளவுதான். ஓடுபவனுக்கு விறகு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2000ஆம் ஆண்டு நெஸ்லே அந்தக் கம்பனியை 375 மில்லியன் டொலருக்கு வாங்கியது.

ருசி என்ற கேள்வியைக் கேட்டவர் கெரி எரிக்சன். 1990இல் 175 மைல் சைக்கிள் பயணத்தில் கையிலிருந்த பார்களைத் தின்று தின்று அலுத்து, பசி இருந்தும் கடைசிப் பாரைத் தின்ன முடியாமல் போனது. உம்மாவின் குசினிக்குப் போய் ஓட்ஸ் போட்டுப் பிஸ்கட் மாதிரி ருசியில் ஒன்றைச் செய்தார். 1992இல் வாப்பா கிளிஃபோர்டின் பெயரில் 'கிளிஃப் பார்' விற்பனைக்கு வந்தது. 2022இல் அதை வாங்கிய கம்பனி கொடுத்த விலை 2.9 பில்லியன் டொலர். ருசிக்கு இருக்கும் மதிப்பு அது.

இந்த இரண்டு பேரும் நேர்மையாகத் தம் பிரச்சினையைத் தீர்த்தார்கள். அவர்கள் பிரச்சினை மணிக்கணக்காக ஓடுவது, நூற்றுக்கணக்கான மைல் மிதிப்பது. அதே பாரை ஃபேன் காற்றில் கதிரையில் இருந்துகொண்டு தின்றால் அது சீனி போட்ட இனிப்புத்தான். நீரிழிவுள்ள நம்ம பெரியவர்கள் "இது ஹெல்த் பார்தானே" என்று நம்பித் தின்பதை நிறுத்தவேண்டும்.

6. பவர் எப்படிப் புரோட்டீன் ஆனது?

சீஸ் செய்யும்போது பாலிலிருந்து பிரியும் தண்ணீர்தான் வே. ஒரு கிலோ சீஸுக்குச் சுமார் 9 லீற்றர் வே மிஞ்சும். ஒரு காலத்தில் அதை ஆற்றில் ஊற்றினார்கள், பன்றிக்குக் கொடுத்தார்கள். 1970களில் ஆறுகளைக் காக்கும் சட்டங்கள் இறுகின. அதே காலத்தில் மிக நுண்ணிய சவ்வுகளால் வடித்து அதிலுள்ள புரதத்தைப் பிரிக்கும் தொழில்நுட்பமும் கைக்கு வந்தது. கழிவு தூளாகி டின்னுக்குள் போனது, பிறகு பாருக்குள் வந்தது. வே நல்ல தரமான புரதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாருக்குள் அது வந்து சேர்ந்த பாதை இதுதான்.

பிறகு மக்களின் பயமும் மாறியது. முதலில் கொழுப்புக்குப் பயந்தார்கள், அடுத்து சீனிக்கு. பயப்படாமல் மிஞ்சியது புரதம் ஒன்றுதான். சீனியைக் குறைத்த இடத்தில் மோல்டிட்டோல் போன்ற இனிப்பூட்டிகள் வந்தன. அவை கூடினால் வயிறு ஊதும், சிலருக்கு வயிற்றாலையும் போகும்.

2013இல் சிக்காகோவில் இரண்டு இளைஞர்கள் தொடங்கிய 'ஆர்எக்ஸ் பார்' வேறு வழியில் போனது. பக்கற்றின் முன்பக்கத்தில் உள்ளிருப்பதை அப்படியே எழுதினார்கள்: மூன்று முட்டை வெள்ளைக்கரு, ஆறு பாதாம், நாலு கஜு, இரண்டு ஈத்தம்பழம். நாலு வருடத்தில் கெலொக் கம்பனி அதை 600 மில்லியன் டொலருக்கு வாங்கியது. யோசித்துப் பாருங்கள், அந்தப் பட்டியலில் நம் வீட்டில் இல்லாத பொருள் என்ன? உலகமே வியந்த அந்தப் பாரை ஒட்டவைத்த பசை, நாம் நோன்பு திறக்கும் ஈத்தம்பழம்.

7. இனி நம்ம ஊர்க் கணக்கு

போசாக்கு: சாதாரண வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 60 கிலோ என்றால் 50 கிராம். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 2 கிராம்வரை சொல்லப்படுகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 100 கிராம் கச்சானில் 25 கிராம். பருப்பு, பாசிப்பயறு, கௌபி எல்லாம் அவிக்குமுன் 100 கிராமுக்கு 24 கிராம் அளவு. மீன் துண்டும் பருப்புக் கறியும் சேர்ந்த பகல் சோறு ஒரு பாரைத் தாண்டிவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்தக் கணக்கை வைத்தியரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

ருசி: எள்ளுருண்டையும் கச்சான் அல்வாவும் நம்மூர்ப் பார்கள்தான். அவற்றில் சீனி கூட, உண்மை. வீட்டில் செய்தால் குறைக்கலாம். வறுத்த கச்சானையும் எள்ளையும் ஈத்தம்பழத்தோடு இடித்து உருட்டிப் பாருங்கள்.

விலை: பாரின் விலையை அதிலுள்ள புரதக் கிராமால் வகுங்கள். உதாரணத்துக்கு, 20 கிராம் உள்ள பார் 900 ரூபா என்று வைப்போம். ஒரு கிராம் 45 ரூபா. முட்டை 42 ரூபா என்று வைத்தால் ஒரு கிராம் 7 ரூபா. இன்றைய விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். விலை மாறும், வித்தியாசத்தின் பக்கம் மாறாது.

இந்தக் கணக்கை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2022 நெருக்கடியில் எத்தனை வீடுகளில் முட்டையும் மீனும் பால்மாவும் நின்றுபோனது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சில வீடுகளில் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. அப்படியான வீட்டில் ஜிம்முக்குப் போகும் மகனுக்கு 900 ரூபா பார் வருகிறது. அதே வீட்டில் 14 வயது மகள் வெறும் சம்பலோடு சோறு தின்று பாடசாலைக்கு வருகிறாள். அந்த 900 ரூபாவில் 21 முட்டை. வளரும் அந்தப் பிள்ளைக்கு மூன்று கிழமை, நாளுக்கு ஒன்று.

நமது நாடு இதை ஒரு காலத்தில் சரியான இடத்தில் கேட்டது. 1973இல் தொடங்கிய திரிபோஷ சோளமும் சோயாவும் கலந்த மா. அது யாருக்கு என்று தீர்மானித்தபோது பலசாலிகளுக்குக் கொடுக்கவில்லை. கர்ப்பிணித் தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும், எடை குறைந்த குழந்தைக்கும் கொடுத்தார்கள். வீட்டில் முதலில் யாருக்குப் புரதம் வேண்டும் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை இல்லை.

பார் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காலையில் பஸ் ஏறி இரவு வீடு வரும் தம்பிக்கு, சாப்பிட நேரமில்லாத தாதிக்கு, தூர ஓட்டம் ஓடும் பிள்ளைக்கு அது உதவும். தோணி வலித்தவனுக்கு உதவிய மாதிரி. வாங்குமுன் மூன்றை மட்டும் பாருங்கள். பின்பக்கத்தில் முதல் மூன்று பொருள்கள் என்ன? சீனி எத்தனை கிராம்? ஒரு கிராம் புரதம் எத்தனை ரூபா? இத்தோடு ஹலாலும் காலாவதித் திகதியும்.

அதற்கும் முன்னால், உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஒருதரம் பாருங்கள். முட்டை யாருடைய பீங்கானில் இருக்கிறது, யாருடைய பீங்கானில் இல்லை என்று.

வீட்டில் சீனி குறைத்து எள்ளுருண்டை செய்யும் ராத்தாமார், உம்மாமார் யாராவது அளவைக் கீழே எழுதினால் பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக இருக்கும்.